பால் ஊத்துனா சீட்டு உண்டு, பாடுபட்டா இல்லையா?



ஊர்ப்பக்கம் வந்து போற சொந்தக்காரங்க எல்லாரும் இப்போ தவறாம கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "என்னப்பா, காட்டு வேலைக்கு ஆளே கிடைக்கலையாமே? வந்தாலும் மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிடறாங்களாமே?" டீக்கடையில நம்ம விவசாயிகளும் இதையேதான் சொல்றாங்க. சோம்பேறியாயிட்டாங்க, நூறு நாள் வேலை கெடுத்துருச்சு, ரேஷன் அரிசி கெடுத்துருச்சுன்னு ஆளுக்கொரு காரணம்.

நானும் ஆள் விட்டு வேலை வாங்குறவன்தான். மூணு ஏக்கர் மானாவாரியும் கிணத்துப் பாசனமும் கலந்த காடு. வெங்காயம் நடவு, களை எடுப்பு, கடலை பறிப்புன்னு வருஷத்துல பல நாள் ஆள் வேணும். ஆனாலும் இந்தப் புலம்பல்ல எனக்கு உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க ஊர்ல பெண்கள் காட்டு வேலைக்குத் தனித்தனியா வர்றதில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்துதான் வருவாங்க. ஆள் கூப்பிட்டு வர்ற அக்கா ஒருத்தர் இருப்பார். முதல் நாள் சாயங்காலமே அவரிடம் பேசிடணும். என்ன வேலை, எத்தனை பேர், என்ன கூலி, எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்குக் கரையேறுறது, எல்லாம் அங்கேயே முடிவாயிடும். காலையில எட்டரைக்கு இறங்குவாங்க. நடுவுல ஒரு டீ. ஒன்றரைக்குக் கை கழுவிட்டுக் கிளம்பிடுவாங்க. "இன்னும் ரெண்டு பாத்திதானே அக்கா, முடிச்சிட்டுப் போங்க"ன்னா, "அதுக்குத் தனியாப் போட்டுக் குடுங்க தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். குடுத்தா நிப்பாங்க. இல்லைன்னா கிளம்பிடுவாங்க. கூலி அன்னைக்கே கையில.

இந்த நேரக் கணக்கை அவங்களுக்கு யார் எழுதிக் குடுத்தது? விவசாய வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டுன்னு சட்டத்துல இருக்குது. ஆனா முப்பது வருஷமா காடு பாக்குற நான், ஒரு தொழிலாளர் ஆய்வாளர் வரப்புல நடந்து வந்து "எத்தனை மணி வேலை, என்ன கூலி"ன்னு கேட்டு ஒருநாளும் பாத்ததில்லை. சட்டம் வராத இடத்துல அவங்களே ஒரு சட்டம் வெச்சிருக்காங்க. கூட்டமா வர்றாங்க, முன்னாடியே பேசுறாங்க, பேசினதை விட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்க. இதைச் சோம்பேறித்தனம்னு சொல்றவங்க, பங்குனி வெயில்ல அஞ்சு மணி நேரம் குனிஞ்சு ஒரு நாள் களை எடுத்துப் பாக்கட்டும்.

மாட்டுக்கே இந்த ஊர்ல லீவு இருந்தது. எங்க அப்பா காலத்துல அமாவாசை அன்னைக்கு யாரும் ஏர் பூட்ட மாட்டாங்க. மத்த நாள்லயும் வெயில் உச்சிக்கு ஏறுறதுக்குள்ள மாட்டை அவுத்துத் தண்ணி காட்டிடுவாங்க. மாடு மனு குடுக்கலை. ஓய்வு குடுக்காத மாடு அடுத்த நாள் உழாதுன்னு சம்சாரிக்குத் தெரியும்.

இப்போ அதே ஊரோட இன்னொரு பக்கத்துக்கு வர்றேன்.

நான் இருக்கறது திண்டுக்கல் மாவட்டம். வேடசந்தூர், வடமதுரை பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், ரோட்டோரம் பூரா நூல் மில்லுதான். விடியுறதுக்கு முன்னாடியே மில் வேன் எங்க ஊர் முக்குல வந்து ஹாரன் அடிக்கும். காட்டு வேலைக்கு வராத வயசுப் புள்ளைக எல்லாம் அதுல ஏறிப் போயிடும். பிளஸ் டூ முடிச்ச புள்ளைக, காலேஜ் பாதியில நின்ன புள்ளைக, கல்யாணமாகி ஒரு குழந்தையோட இருக்கறவங்க. அதுல எனக்குப் பெரியப்பா முறை வேணும்னு கூப்பிடுற புள்ளை ஒண்ணு. போன வைகாசியில எங்க ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ரெண்டு நாள் நின்னுட்டுப் போச்சு. மாசக் கடைசியில சம்பளம் குறைஞ்சு வந்திருக்கு. எவ்வளவு குறைஞ்சதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியுது, ஏன்னு தெரியலை.

"லீவுன்னா உங்க மில்லுல என்னம்மா கணக்கு?"

"கணக்கெல்லாம் இல்ல பெரியப்பா. சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட கேப்போம். அவரு மூடு நல்லா இருந்தா விடுவாரு."

"ஓவர்டைமுக்கு?"

"ஒன்றரை ஷிப்ட் போடுவாங்க. எட்டு மணி நேரத்துக்கு 480. கூட அரை ஷிப்ட் பாத்தா 720."

"சம்பளச் சீட்டு எங்க?"

"சீட்டா? பேங்குல ஏத்திருவாங்க பெரியப்பா. மெசேஜ் வரும்."

இந்த மூணு பதில்லயே விஷயம் பூரா இருக்கு. சட்டத்துல எழுதி வெச்ச லீவு, ஒரு மனுஷனோட மூடா மாறிப்போச்சு. சட்டத்துல எழுதி வெச்ச ஓவர்டைம், ஒன்றரை ஷிப்டா சுருங்கிப்போச்சு.

சட்டம் என்ன சொல்லுது? நான் பத்தாவது படிச்சவன். ஆனா இது படிச்சாப் புரியாத விஷயமில்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, வாரத்துல ஒருநாள் விடுமுறை விடணும், அஞ்சு மணி நேரத்துக்கு மேல இடைவேளை இல்லாம நிக்க வெக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. அதுக்கு மேல வேலை வாங்கினா மணிக்கு ரெட்டிப்புச் சம்பளம். ஒன்றரை மடங்கு இல்லை, ரெண்டு மடங்கு.

இதை எங்க ஊர்க் கணக்குலயே போட்டுப் பாருங்க. எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய்னா மணிக்கு 60. ஓவர்டைம்னா மணிக்கு 120. நாலு மணி நேரம் கூடப் பாத்தா 480. அதாவது, அரை ஷிப்ட் கூடப் பாத்தா இன்னொரு முழுநாள் சம்பளம் சேரணும். அந்தப் புள்ளை கைக்கு வரவேண்டியது 960, வர்றது 720. ஆறு நாளும் அப்படிப் பாத்தா வாரத்துக்கு 1,440 ரூபாய் வேற யாரோட பாக்கெட்டுக்கோ போகுது. உண்மையில சட்டம் இதையே தினமும் வழக்கமாச் செய்ய விடுறதில்லை. ஓவர்டைம் பாக்கறதுக்கே ஒரு வரம்பு வெச்சிருக்கு. அந்தப் பேச்சுக்கே நான் இப்போ போகலை. பாத்த வேலைக்காவது கணக்குப்படி குடுங்கங்கறதுதான் என் கேள்வி.

அடுத்து லீவு. பெரியவங்களுக்கு, வேலை பாத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோட லீவு. 300 நாள் உழைச்சவங்களுக்கு 15 நாள். இதுபோகத் தமிழ்நாட்டுல 1958-ல போட்ட தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒண்ணு இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இது நாலோட பண்டிகைக்கு அஞ்சு, ஆக ஒன்பது நாள் சம்பளத்தோட விடுமுறை. அன்னைக்கு வேலைக்குக் கூப்பிட்டா ரெட்டிப்புச் சம்பளம் குடுக்கணும், இல்லைன்னா அன்னைய சம்பளத்தோட மாற்று விடுமுறை விடணும். ஓட்டுப் போடுற அன்னைக்கும் சம்பளத்தோட லீவு உண்டு.

உடம்புக்கு முடியலைன்னா? சம்பளத்துல ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்களே, அது மாத்திரை வாங்க மட்டும் இல்லை. தகுதியான நாள் வேலை பாத்திருந்தா, டாக்டர் சர்டிபிகேட்டோட லீவுல இருக்கற நாளுக்குச் சம்பளத்துல 70 சதவீதம் வரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம். எங்க தெருவுல பத்து வருஷமா ஈஎஸ்ஐ பிடிச்சுக்கிட்டு இருக்கற வீடுகள்ல விசாரிச்சேன். ஆஸ்பத்திரி தெரியும், லீவுப் பணம் தெரியாது. காய்ச்சலோட மிஷின்ல நிக்குறாங்க.

வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கிறதுக்கும் அளவு இருக்கு. ரெண்டு நாள் வரலைன்னா ரெண்டு நாள் சம்பளத்தைத்தான் பிடிக்கலாம். அதனால மில்லுக்காரங்க என்ன பண்ணுறாங்கன்னா, சம்பளத்துல ஒரு பகுதியை 'வருகை போனஸ்'னு பேர் மாத்தி வெச்சிடறாங்க. ஒரு நாள் வரலைன்னாலும் அது மொத்தமாப் போச்சு. திருவிழாவுக்கு நின்ன ரெண்டு நாள், சம்பளத்துல நாலஞ்சு நாளை முழுங்கினது இப்படித்தான்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எங்க ஊர்ப் பால் சொசைட்டியில தினம் ரெண்டு வேளை பால் ஊத்துறேன். ஊத்தின உடனே ஒரு சீட்டு வரும். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கும். கொழுப்பு ஒரு புள்ளி குறைஞ்சாலும், "என்னப்பா, நேத்து இப்படி இல்லையே"ன்னு அங்கேயே சண்டை போடலாம். சண்டை போட எனக்குச் சீட்டு இருக்கு. ரெண்டு மாடு வெச்சிருக்கறவனுக்கே வேளைக்கு ஒரு சீட்டு. ஆனா, ஒரு மாசம் பூரா ராப்பகலா நின்ன புள்ளைக்கு, எத்தனை நாள், எத்தனை மணி, எவ்வளவு ஓவர்டைம், எவ்வளவு பிடித்தம்னு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வங்கி மெசேஜுல மொத்தத் தொகை மட்டும் வருது.

கணக்கு கையில இல்லாதவங்க எப்படிக் கேப்பாங்க? கேக்க முடியாத உரிமை இருந்தும் இல்லாத மாதிரிதான். காட்டுக்கு வர்ற அக்காவுக்கு எழுத்துல ஒண்ணும் கிடையாது. ஆனா கணக்கு அவர் வாயில இருக்கு, கூட ஒன்பது பேர் இருக்காங்க. மில்லுப் புள்ளைக்குச் சட்டப் புத்தகம் பூரா இருக்கு. ஆனா கணக்கும் இல்லை, கூட நிக்க ஆளும் இல்லை. அதனாலதான் காட்டுல ஒன்றரை மணிக்கு நடக்கிறது மில்லுல நடக்க மாட்டேங்குது.

இதுக்கு மறுபக்கம் சொல்றவங்களும் உண்டு. பஞ்சு விலை, கரண்டு சார்ஜு, வட மாநிலத்து மில்லோட போட்டின்னு மில் வெச்சிருக்கற தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். எனக்கும் வெங்காயம் கிலோ பத்து ரூபாய்க்கு விக்கிற காலம் வருது. அதுக்காகக் களை எடுத்த கூலியில பாதியைப் பிடிச்சுக்கிறேன்னு சொன்னா, அடுத்த நாள் என் காட்டுல ஒருத்தர் காலெடுத்து வெக்க மாட்டாங்க. நட்டம் வந்தா அதை முதல் போட்டவன்தான் சுமக்கணும், கூலிக்கு வந்தவங்க இல்லை.

"அவங்களே ஓவர்டைம் வேணும்னுதான் கேக்கறாங்க"ன்னு இன்னொரு பேச்சு. ஆமா, கேக்கறாங்க. எட்டு மணி நேரச் சம்பளத்துல வீடு ஓடாததால கேக்கறாங்க. குழுக் கடன், தம்பி காலேஜ் பீஸ், அப்பா வைத்தியம். பசிக்கிறவன் பழைய சோத்தைக் கேட்டான்னு, அவனுக்குச் சுடுசோறு பிடிக்காதுன்னு சொல்லலாமா?

பெரிய மனுஷங்களும் அப்பப்போ ஏதாவது சொல்லிடறாங்க. இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-ல சொன்னார். பட்டணத்துல இருக்கற நீங்க கொதிச்சுப் போய் எழுதினீங்க. எழுத வேண்டியதுதான். ஆனா ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பாக்கிற எங்க ஊர்ப் புள்ளைக்கு அது ஏற்கெனவே 72 மணி. அதைப் பத்தி யாரும் எழுதலை.

அதே 2023-ல, ஏப்ரல் 21 அன்னைக்கு, ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா நம்ம சட்டமன்றத்துல நிறைவேறிச்சு. வாரத்துக்கு 48 மணி தாண்டாது, நாலு நாள் வேலை பாத்துட்டு மூணு நாள் லீவு எடுத்துக்கலாம்னு விளக்கம் சொன்னாங்க. அந்த மூணு நாளை எங்க ஊர் வேன் நிக்கிற முக்குல நின்னு யாராவது எண்ணிப் பாத்திருக்கணும். தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியோட கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்ததால, மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க. மே 1 அன்னைக்கு வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சார். சேர்ந்து கேட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம கண்ணு முன்னாடி நடந்த சாட்சி அது.

எட்டு மணி நேரம்ங்கறதே அப்படி வந்ததுதான். 1922-ல மில் வேலை வாரத்துக்கு 60 மணி. 1934-ல 54. 1946-ல 48. அந்தக் கடைசித் திருத்தம் வந்தப்போ வைஸ்ராய் கவுன்சில்ல தொழிலாளர் துறையைப் பாத்தவர் அம்பேத்கர். அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1918-ல மெட்ராஸ்ல மில் தொழிலாளர்கள் சங்கம் கட்டினாங்க. 1923-ல சிங்காரவேலர் மெட்ராஸ் கடற்கரையில மே தினக் கொடி ஏத்தினார். ஒவ்வொரு ஆறு மணி நேரத்தையும் குறைக்கறதுக்குப் பத்துப் பன்னெண்டு வருஷம் ஆயிருக்கு. காட்டுப் பக்கமும் சும்மா வரலை. கீழ்த்தஞ்சையில கூலி உயர்வு கேட்டுச் சங்கமா நின்ன ஊர் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி அங்க 44 பேரைக் குடிசைக்குள்ள வெச்சுக் கொளுத்தினாங்க. அதுக்கப்புறம்தான் 1969-ல அந்தப் பகுதிக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எங்க ஊர் அக்கா சிரிச்சுக்கிட்டே "தனியாப் போட்டுக் குடுங்க தம்பி"ன்னு கேக்கறதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

இப்போ 29 பழைய சட்டங்களைச் சுருக்கி நாலு தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21-ல இருந்து அமலுக்குக் கொண்டுவந்திருக்கு ஒன்றிய அரசு. அதுல தொழிற்சங்கங்களுக்குப் பெரிய எதிர்ப்பு இருக்கு, குறிப்பா வேலையை விட்டு எடுக்கறதைச் சுலபமாக்கினதுக்கு. அந்தச் சண்டை தனி. ஆனா புள்ளைக தெரிஞ்சுக்க வேண்டியது இது: வாரம் 48 மணி நேரமும் ஓவர்டைமுக்கு ரெட்டிப்பும் அதுலயும் இருக்கு. 20 நாளுக்கு ஒரு நாள் லீவும் இருக்கு. அதுக்கு முன்னாடி வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருக்கணும், இப்போ 180 நாள் போதும். வேலை நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் குடுக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. சட்டத்தோட பேர் மாறினதை வெச்சு, "பழைய சட்டம் போச்சு, இனி எங்க இஷ்டம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

என் யோசனை பெருசா ஒண்ணும் இல்லை. பால் சொசைட்டி சீட்டு மாதிரி ஒரு சீட்டு. மாசத்துல எத்தனை நாள், எத்தனை மணி, ஓவர்டைம் எவ்வளவு, எந்த வீதத்துல, லீவு எத்தனை சேர்ந்திருக்கு, எத்தனை எடுத்திருக்காங்க, பிடித்தம் எதுக்கு. தமிழ்ல. வட மாநிலத்துல இருந்து வந்து மில் காம்பவுண்டுக்குள்ளயே தங்கியிருக்கற பையனுக்கு இந்தியிலயோ ஒடியாவுலயோ. அந்தப் பையன்தான் எல்லாரையும் விடப் பாவம். திருவிழாவுக்குப் போகணும்னு கேக்கக்கூட அவனுக்கு இங்க பெரியப்பா இல்லை. மில் வாசல்ல ஆய்வுக்கு வர்ற அதிகாரி வேற எதையும் பாக்க வேண்டாம். பத்துப் பேரைக் கூப்பிட்டு, "உன் சீட்டைக் காட்டு"ன்னு கேட்டாப் போதும், பாதி திருட்டு நின்னுடும்.

எங்க புள்ளைககிட்ட இப்போதைக்கு ஒண்ணு சொல்லியிருக்கேன். பால் கணக்கு எழுதுற மாதிரி மாசக் காலண்டர்ல தினமும் எழுதுங்க. எத்தனை மணிக்கு உள்ள போனீங்க, எத்தனை மணிக்கு வெளிய வந்தீங்க, அவ்வளவுதான். ஒருத்தர் எழுதினா அது டைரி. எட்டுப் பேர் எழுதினா அது சாட்சி. கேக்கப் போறப்பவும் எட்டுப் பேரா போங்க.

பட்டணத்துல இருக்கற உங்ககிட்டயும் ஒண்ணு. உங்க ஆபீஸ்ல செக்யூரிட்டி அண்ணன், ஹவுஸ் கீப்பிங் அக்கா இருப்பாங்க. நீங்க துணி எடுக்கப் போற கடையில நிக்கிற புள்ளைக எங்க மாதிரி ஊர்ல இருந்து வந்ததுகதான். கடை ஊழியர்கள் உட்கார இடம் குடுக்கணும்னு 2021-ல நம்ம மாநிலத்துல சட்டத் திருத்தமே கொண்டுவந்தாங்க. நிக்கிறவங்க கால் வலியைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கடை, நிறுவனச் சட்டப்படி ஒரு வருஷம் வேலை பாத்தவங்களுக்கு 12 நாள் சம்பள லீவு. உடம்பு சரியில்லாததுக்கு 12, தற்செயல் விடுப்பு 12 தனி. அவங்களுக்கு அது தெரியுமான்னு பேச்சுவாக்குல ஒரு வார்த்தை கேளுங்க. தெரியலைன்னா சொல்லுங்க. தொழிற்சாலைன்னா தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு, கடைன்னா தொழிலாளர் ஆய்வாளருக்கு மனு எழுதணும்னா எழுதிக் குடுங்க. உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை.

அந்தத் திருவிழாப் புள்ளை காலண்டர்ல எழுத ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகுது. கூட அஞ்சு பேர் எழுதறாங்களாம். சூப்பர்வைசர்கிட்ட இன்னும் கேக்கலை. ஆடி முடியட்டும் பெரியப்பான்னு சொல்லியிருக்கு. கேட்டதும் என்ன ஆச்சுன்னு எழுதறேன்.

பால் ஊத்துற நேரமாச்சு. வரட்டுமா.